பதினேழாவது வரியில் எங்கள் வீடு

என் மனைவிக்குச் சுறாவையும் திருக்கையையும் ஆராய்ச்சி செய்கிற வேலை. கல்யாணம் பேசி முடித்தபோது இதை என் சொந்தக்காரர்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அதனால் 'மீன் டாக்டர்' என்று சுருக்கமாகச் சொல்லி வைத்தேன். பந்தியில் என் சித்தப்பா அவளைப் பார்த்து, "ஏம்மா, மீனுக்கு ஊசி எங்க போடுவீங்க, செவுள்லயா வால்லயா?" என்று கேட்டார். இலை முன்னால் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"மீனுக்குப் போடறதில்ல சித்தப்பா. அதைப் புடிக்கறவங்களுக்குத்தான் போடணும்" என்றாள் அவள்.

அன்றைக்கே சித்தப்பாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

எனக்கு அவளைப் பிடித்தது அதற்கும் முன்னால். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் அன்னதானத்தில் நான் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தாள். முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகக் கீறல். "வீட்ல பூனை வளக்குறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல, சுறா தோல். ஒரு பக்கம் தடவினா பட்டு, இன்னொரு பக்கம் தடவினா அரம்" என்றாள். அம்மா இல்லாத பெண். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாலி கட்டும்போது முருகனிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன். என்னைக் கட்டியதால் இவள் வேலை ஒரு நாளும் நிற்கக்கூடாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றவேண்டிய நாள் எங்கள் மகள் பிறந்த வாரத்தில் வந்தது.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் அவள் எங்கள் பக்கத்து ஜெட்டி ஒன்றுக்கு, அதாவது படகுத்துறைக்கு, போவாள். படகுகள் வந்து மீன் இறக்கும்போது பெட்டிகளில் சுறாவும் திருக்கையும் இருந்தால் ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, ஒரு தாளில் எழுதுவாள். ஒரு மீனுக்கு ஒரு வரி. நீளம் எவ்வளவு, ஆணா பெண்ணா, குட்டி என்றால் அதன் தொப்புள் திறந்திருக்கிறதா மூடிவிட்டதா, கடைசியாக அந்த மீன் எங்கே போகிறது. சந்தைக்கா, உணவகத்துக்கா, யார் வீட்டுக்கு என்று விற்கிறவரிடமே கேட்டு எழுதவேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். எங்கள் கரையோரச் சேற்றுத்திட்டுப் பக்கம்தான் சுறாக்கள் வந்து குட்டி போடுகின்றன என்று அவளுக்குச் சந்தேகம். குட்டிகள் வலையில் மாட்டி, வளர்வதற்கு முன்பே பெட்டியில் வந்து விழுகின்றன. "சுறா மத்த மீன் மாதிரி லட்சக்கணக்குல முட்டை போடாது. மனுஷி மாதிரி. கொஞ்சம்தான் பெக்கும், பெத்து வளர வருஷமாகும்" என்பாள். படகுக்காரர்களிடம் போய், குட்டி போடுகிற சமயத்தில் அந்தத் திட்டில் வலை போடாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர்களில் மூத்தவர் ஒரு சீனப் பெரியவர். அவர், "எந்த வாரம்னு காட்டு. சும்மா வாயால சொன்னா எப்படி? வருஷம் முழுக்க நாங்க வீட்லயா உட்கார முடியும்?" என்று சொல்லிவிட்டார்.

அதனால் எந்த வாரம் என்று காட்டுவதற்காக அவள் ஒரு திங்கட்கிழமைகூட விடாமல் போனாள். வயிற்றில் பிள்ளையோடு, ஒன்பதாம் மாதத்திலும் என் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனாள். ஜெட்டியில் மலாய்க்காரப் பையன்கள் அவளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீன்களைத் தூக்கிக் காட்டுவார்கள். குட்டிகள் வரத் தொடங்குகிற சமயம் நெருங்குகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் குட்டி இரண்டு வாரம் முந்திக்கொண்டது.

ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். அவளோடு வேலை செய்த பெண் அந்த மாதம்தான் சபாவுக்கு மாறிப் போயிருந்தாள். கட்டிலில் படுத்தபடி என் மனைவி சுவரில் இருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் திங்கள் விட்டா போச்சு. இதுக்குத்தான் இத்தனை மாசம் போனேன்" என்றாள்.

"நான் போறேன்" என்றேன்.

"உங்களுக்கு யூவுக்கும் பாரிக்கும் வித்தியாசம் தெரியுமா?" ஜெட்டியில் சுறாவுக்கும் திருக்கைக்கும் மலாய்ப் பெயர் அவை.

"ஒண்ணு நீட்டமா இருக்கும், ஒண்ணு தட்டையா இருக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். தையல் வலித்து நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க எனக்குப் பாடம். குழந்தையின் குட்டித் தலையணை ஒன்று, உருளையாக இருக்குமே, அதுதான் சுறா. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, வாலை நேராக இழுத்து வைத்து அளக்கவேண்டும். திருக்கை என்றால் இறக்கைக்கு இறக்கை. மீனின் வயிற்றுப் பக்கம் பின்துடுப்பின் அருகே விரல் மாதிரி இரண்டு இருந்தால் ஆண். என்ன இனம் என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. நம்பர் எழுதிய அட்டையை மீன் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும், அவள் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க. காலியா விடுங்க. ஆனா தெரிஞ்சதைக் காலியா விடாதீங்க" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு மனதில் நின்றுவிட்டது. ஏறக்குறைய என் அப்பா கோயில் காரியங்களில் சொல்கிற மாதிரியே இருந்தது.

ஜெஞ்சாரோமிலிருந்து வந்திருந்த என் அம்மா வாசல்படியில் நின்று எங்களைப் பார்த்தார். "தலகாணிய வச்சு என்னடா அளக்குற? புள்ளைக்குச் சட்டை தைக்கவா?"

"சுறா அளக்கப் பழகுறாரு உங்க மகன்" என்றாள் அவள்.

சுறா என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா முகத்தில் ஒன்று ஓடியது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்றைய நிலைமை இதுதான். குழந்தை பிறந்து ஐந்தாறு நாளாகியும் அவளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை முட்டி முட்டி அழும். பிறகு புட்டிப்பால் கொடுப்போம். கொடுக்கும்போது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த தாதி மிஸ்ஸி, "ஆப்பரேஷன் ஆனா கொஞ்சம் லேட்டாகும். புள்ளைய விடாம போடுங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பூண்டு உரித்து உரித்து அவர் விரல் நுனியெல்லாம் எரிந்தது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, மிளகு ரசம். ஒன்றுக்கும் அசையவில்லை.

எங்களுக்குப் பிறப்புத் தீட்டு வேறு. சாமி மேடையில் விளக்கு இல்லை. எனக்கு நினைவு தெரிந்து விளக்கேற்றாமல் நான் வேலைக்குக் கிளம்பியதில்லை. எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த இருட்டு மேடைக்குக் கீழே நின்றுகொண்டுதான் அம்மா மெல்லக் கேட்டார்.

"தம்பி, நாளைக்கு மீன் எறங்குற எடத்துக்குத்தானே போற? ஒரு பால்சுறா வாங்கிட்டு வா. சின்னதா."

நான் படுக்கையறைப் பக்கம் பார்த்தேன்.

"அவளுக்குத் தெரிய வேணாம். புட்டா உதிர்த்துட்டா என்ன மீனுன்னு யாருக்குத் தெரியப் போகுது? செனாங்கின் மீனுன்னு சொல்லிக்கலாம்."

"அவளோட வேலையே இதுதானம்மா."

"வேலை வெளியில. இது ஒடம்பு. உன்னைப் பெத்து எனக்குப் பால் இல்லாம நான் அழுதப்ப உங்கப்பா பந்திங் வரைக்கும் சைக்கிள் மிதிச்சுப் போய் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு வேளை சுறாப்புட்டு. மூணாம் நாள் என் ரவிக்கை நனைஞ்சுது. பெத்தவ இருந்தா அந்தப் பொண்ணுக்குச் செஞ்சு போட்டிருக்க மாட்டாளா? இப்ப நான்தானே இருக்கேன்."

அம்மா அவளை மருமகளாக நினைத்து இதைக் கேட்கவில்லை, மகளாக நினைத்துத்தான் கேட்டார். எப்படியும் செத்த மீன்தானே, நான் வாங்காவிட்டால் வேறு யாரோ வாங்கத்தானே போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் கிளம்பினேன். வழியில் முருகன் கோயில். தீட்டென்பதால் உள்ளே போகாமல் மோட்டாரை ரோட்டோரம் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கும்பிட்டேன். அவள் வேலை நிற்கக்கூடாது என்று அவனிடம்தான் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் போகிறேன் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஜெட்டியில் என்னைத் தனியாகப் பார்த்ததும் பையன்கள், "கக்கா மானா?" அக்கா எங்கே என்று மலாயில் கேட்டார்கள். குழந்தை பிறந்துவிட்டது என்றதும் கை குலுக்கினார்கள். மீன் வாங்கி விற்கிற முதலாளி, தவுக்கே என்பார்கள், ஒருவர் அங்கே உண்டு. அவர் என் தோளில் தட்டி, "நீதான் இன்னைக்குப் புரொபசரா? கண்ணாடி எங்க?" என்று மலாயில் கேலி பேசினார்.

முதல் மீனுக்கு எனக்குக் கால்மணி நேரமானது. வால் வழுக்கியது, தாள் நனைந்தது. ஐந்தாவதற்கு வரும்போது கை பழகிவிட்டது. திருக்கைகளை முடித்துவிட்டுச் சின்னப் பெட்டிக்குப் போனேன். ஒரு முழம்கூட இல்லாத சுறாக்கள் அதில் கிடந்தன. ஒன்றை எடுத்து மல்லாத்தினேன். வெள்ளை வயிறு. முன்துடுப்புகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. இன்னும் மூடாத புண் மாதிரி, ஓரம் சிவந்து, லேசாகத் திறந்து.

தொப்புள் என்று அவள் சொன்னபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். முந்தின நாள் குழந்தையைக் குளிப்பாட்டியபோது அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொடி காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும், விழுந்தால் எடுத்து வைக்கவேண்டும், தாயத்தில் போட்டுக் கட்டவேண்டும் என்றார். அதன் அடியில் தோல் எப்படிச் சிவந்திருந்ததோ இதுவும் அப்படித்தான் இருந்தது.

'திறந்திருக்கிறது' என்று எழுதினேன். அடுத்தது, திறந்திருக்கிறது. அடுத்தது, திறந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் மூடிய தொப்புளோடு ஒன்றுதான் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் எங்கே போகிறது என்று தவுக்கேயிடம் கேட்டேன். சந்தை, சந்தை, உணவகம். பதினேழாவது மீனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "இது எனக்கு வேணும்" என்றேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். "ஓ, பொண்டாட்டிக்கா? பால் வரும் லா. உங்க ஆளுங்க எல்லாரும் இதைத்தானே கேப்பாங்க. எடுத்துக்கோ" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. தாள் மலாயில் அச்சடித்தது. மற்ற வரிகளிலெல்லாம் மலாயில்தான் எழுதியிருந்தேன். சந்தை என்று எழுதினால் முடிந்தது. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். தெரிந்ததைக் காலியாக விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். தெரிந்ததை மாற்றி எழுதுவது அதைவிட மோசம். அவள் இத்தனை மாதம் எழுதியதில் ஒரு வரி பொய் என்றால் மற்ற வரிகளை யார் நம்புவார்கள்? விடியற்காலையில் கும்பிட்ட கை இதே கைதான். எழுதினேன். மலாயில் எழுத வெட்கமாக இருந்ததோ என்னவோ, தமிழில் எழுதினேன். எங்கள் வீடு.

எழுதிவிட்டேனே தவிர, வீட்டுக்குப் போனதும் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. அம்மாவிடம் பையைக் கொடுத்தேன். அம்மா அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மசாலா அரைக்கப் போனார். நான் கைகால் கழுவிக்கொண்டு அறைக்குள் போவதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள்.

"தாள் குடுங்க."

தலையணையில் சாய்ந்துகொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்த ஒரு வாரத்தில் நான் பார்க்காத முகம் அது. "திறந்திருக்கு. இதுவும். இதுவும். பாருங்க, இந்த வாரம்தான். நான் சொன்னேன்ல, இந்த வாரம்தான்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விரல் நின்றது.

"எங்கள் வீடுன்னா எந்த வீடு?"

"நம்ம வீடு."

"யாருக்கு?"

"உனக்கு."

சமையலறையில் மிக்ஸி நின்றது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "அவனைத் திட்டாதம்மா. நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம் அத்தை."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ."

"ஆமா."

"அதான் கேக்கல."

அவள் வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையை விலக்கினாள். அந்த விலக்கல் எனக்குச் சுருக்கென்றது. சமையலறைக்குப் போய், "எங்க அத்தை அது?" என்றாள். அம்மா பையை எடுத்துத் தட்டில் கொட்டினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சுறாவைக் கழுவி, மல்லாத்தி, விரலால் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இதைப் பாருங்க அத்தை."

அம்மா குனிந்து பார்த்தார். காலையில்தான் எங்கள் மகளின் தொப்புளைத் துடைத்து மருந்து வைத்த கை அவருடையது. சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார். "இதுக்கும் கொடி இருக்குமா?"

"இந்த ஜாதிக்கு இருக்கும். வயித்துக்குள்ள கொடி வழியாத்தான் சாப்பாடு போகும். இது பொறந்து சில நாள்தான் ஆகியிருக்கும்."

"நம்ம புள்ளைய விடச் சின்னதா இருக்குமா?"

"இருக்கலாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழவில்லை. அம்மா லேசில் அழுகிறவர் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி எங்களை வளர்த்தவர். "எத்தனை வீட்டுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். கழுவிக் கழுவித்தானே போட்டேன். பாத்ததே இல்ல" என்றார்.

அப்போது அழுதது என் மனைவிதான். "எனக்காகத்தான் பண்ணீங்கன்னு தெரியும் அத்தை. எங்கம்மா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பாங்க. ஆனா என்னால சாப்பிட முடியாது. பால் வரலன்னாலும் முடியாது."

"சரி. விடு. அழுதா இருக்கிற பாலும் வத்திடும்" என்றார் அம்மா. பிறகு தட்டைப் பார்த்தார். "இப்ப இதை என்ன பண்றது? சாமிக்குப் பயந்தவங்க வீட்ல சாப்பாட்டைக் குப்பையில போடக்கூடாது."

"போடவேணாம். வயித்துல என்ன இருக்குன்னு லேப்ல பாக்கணும்" என்றாள் அவள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே 17 என்று எழுதி ஒட்டி, உறைபெட்டியில் வைக்கச் சொன்னாள். அவள் வேலைக்குத் திரும்புகிற வரை அது அங்கேயே இருந்தது. ஒரு பக்கம் துருவிய தேங்காய், ஒரு பக்கம் அது. அம்மா தேங்காய் எடுக்கும்போதெல்லாம் அதைத் தொடாமல் எடுப்பார்.

அன்று சாயங்காலம் நான் தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்த ஒரு வரிய அழிச்சிடவா? வேற யாருக்கும் தெரியாது."

"தொட்டீங்கன்னா தெரியும்" என்றாள். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, "நீங்க வாங்கினது தப்பு. எழுதினது தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணா அழிக்க முடியாது" என்றாள்.

அம்மா விடுகிற ஆள் இல்லை. புட்டு செய்தே தீருவேன் என்று என்னை மறுபடி சந்தைக்கு விரட்டினார். செனாங்கினில் செய்து பார்த்தார். "உதிரவே மாட்டேங்குது, களி மாதிரி இருக்கு" என்று தானே திட்டிக்கொண்டார். மறுநாள் வேறு மீன், முள் பொறுக்கவே ஒரு மணி நேரம். மூன்றாம் தடவை மறுபடியும் செனாங்கினை ஆவியில் வேகவைத்து, துணியில் போட்டுப் பிழிந்து, இஞ்சி பூண்டோடு வறுத்தபோது சரியாக வந்தது. அவள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். அந்த வாரக் கடைசியில் பால் வந்தது. பூண்டுதான் என்றார் அம்மா. விடாமல் போட்டதுதான் என்றார் மிஸ்ஸி. தண்ணீர் என்றாள் அவள். எனக்கு யார் என்று தெரியும். நான் சொல்லவில்லை, பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, தீபாராதனையின்போது முருகனிடமே சொல்லிக்கொண்டேன். வாங்கியதையும் அன்றுதான் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமையும் நானே போனேன். தவுக்கே ஒரு குட்டியைத் தனியாக எடுத்து ஐஸில் வைத்திருந்தார். "உனக்குத்தான். போன வாரம் வேலை செஞ்சுதா?"

"வேணாம் பாஸ். இனிமே எனக்கு எடுத்து வைக்காதீங்க."

"ஏன், பொண்டாட்டி ஏசிட்டாளா?"

"ஏசல. படிச்சிட்டா."

அவருக்கு அது புரியவில்லை. சிரித்துவிட்டு அந்தக் குட்டியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டார். நான் அதையும் அளந்தேன். அது யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டு எழுதினேன். அவளுக்குப் பிரசவப் பத்தியம் நாற்பத்தைந்து நாள் முடிகிற வரை நான் ஒரு திங்கட்கிழமையும் விடவில்லை. திறந்த தொப்புள்கள் வாரா வாரம் குறைந்து, பிறகு மூடியவை மட்டும் வந்தன.

அவள் எழுந்து நடமாடியதும் செய்த முதல் காரியம் ஜெட்டிக்குப் போனதுதான். படகுக்காரர்களை ஒரு காப்பிக்கடையில் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். வீட்டில் இரும்மா என்று சொன்னதற்கு, "புள்ளைக்குப் பசிச்சா நீயா குடுப்ப?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

அவள் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். திறந்த தொப்புள் வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மை. சிவப்பு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. "இந்த நாலு வாரம். அந்தத் திட்டுல மட்டும். வேற எடத்துல போடுங்க" என்று மலாயில் சொன்னாள்.

ஓர் இளம் படகுக்காரர் எழுந்தார். "நாங்க வேணும்னேவா புடிக்கறோம்? வலையில விழுது. எடுத்துட்டு வந்தா வாங்குறாங்க. வாங்குறது யாரு? உங்க ஆளுங்கதானே. முதல்ல அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அவர் அதோடு நிற்கவில்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் மலாய். ஒரு வரியில் மட்டும் புரியாத எழுத்து. அதில் விரலை வைத்தார். "இது என்ன எழுதியிருக்கு?"

அந்த மேசையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். எனக்குக் காது சுட்டது. சந்தை என்று அவள் சொல்லியிருந்தால் அது சந்தைதான்.

"ருமா காமி" என்றாள் அவள். எங்கள் வீடு. "இந்த ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்தது. எனக்குப் பால் வரணும்னு வாங்கினாங்க. அதனாலதான் வாங்குறவங்ககிட்டயும் சொல்லணும்னு எனக்குத் தெரியும். வீட்ல சொல்லியாச்சு. மத்த வீடுகளுக்கும் போவேன். நீங்க வலையைப் பாத்துக்குங்க, நான் சட்டியைப் பாத்துக்கறேன்."

தவுக்கே என்னைப் பார்த்தார். போன மாதம் நான் சொன்னது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். சீனப் பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்து அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்தார். பிறகு, "தன் வீட்டையே எழுதி வச்சிருக்கா" என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்த இளைஞர் உட்கார்ந்தார். அவர்களுக்குள் ஹொக்கியன் சீன மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். குரல் ஏறியது, இறங்கியது. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

"நாலு வாரம் முடியாது. ரெண்டு" என்றார் பெரியவர். "அடுத்த வருஷம் ரெண்டு வாரம் திட்டுப் பக்கம் போகமாட்டோம். ஒரு தடவை செஞ்சு பாப்போம்."

"மூணு" என்றாள் அவள்.

"ரெண்டு."

அவள் தாளில் அதை எழுதினாள். "சரி, ரெண்டு. அடுத்த தடவை மூணு கேப்பேன்" என்றாள். பெரியவர், "கேளு, கேளு" என்று சொல்லிக் காப்பியைக் குடித்தார்.

வெளியே வந்தபோது அம்மா மீன் கடையோரம் நின்று யாரோ ஒரு தமிழ் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையில் பை. மகளுக்குப் பிரசவமாம், பால்சுறா தேடி வந்தாராம். "சுறா வேணாங்க்கா. செனாங்கின் வாங்குங்க. ஆவியில வேகவச்சு, துணியில போட்டு நல்லாப் பிழிஞ்சு எடுங்க, அப்பத்தான் உதிரும்" என்று அம்மா செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டார்.

"வாங்கிட்டுப் போனா என் மருமக சண்டைக்கு வருவா" என்றார் அம்மா. அந்த அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. பைக்குள் எந்த மீன் போனது என்பதையும் நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்கு மட்டுமே நான் உத்தரவாதம் சொல்லமுடியும்.

அந்த இரண்டு வாரம் வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. மகள் இப்போது நடக்கிறாள். கொடியைத் தாயத்தில் போட்டு இடுப்பில் கட்டியிருக்கிறோம். என் மனைவி நேற்றே தாள்களை எடுத்து வைத்து, அளவுநாடாவைத் துடைத்து வைத்துவிட்டாள். சொன்ன வாக்கை அவர்கள் காப்பாற்றினார்களா என்று அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்பாற்றாவிட்டால் அவள் அளந்து எழுதுவாள், மறுபடி போய்க் கேட்பாள். நான் விளக்கேற்றிவிட்டு மோட்டாரை எடுக்கவேண்டும்.